கஷ்டத்துல வளந்த புள்ளைங்களும் காசும்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் பம்பாய் தாராவில, 90 அடி ரோட்டுக்கு உள்ளால ஒரு சந்துல வளந்தவ. இப்ப சயான்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்குறேன். ஜூன் ஜூலை ஆச்சுன்னா ஏரியா பசங்க ஃபார்ம் 16 (சம்பளத்துல புடிச்ச வரிக்கு கம்பெனி குடுக்குற சான்று) எடுத்துக்கிட்டு வருமான வரி ரிட்டர்ன் போட வந்துருவாங்க. ரிட்டர்ன் வேலை சட்டுனு முடிஞ்சுரும், ஆனா சேரை விட்டு எந்திரிக்க மாட்டாங்க, "அக்கா ஒன்னு கேக்கவா"ன்னு ஆரம்பிப்பாங்க. முக்காவாசிப் பேரு அவங்க வீட்லயே மொதத் தடவையா மாசச் சம்பளம் வாங்குறவங்க, அதனால காசு விஷயத்தக் கேக்க வீட்ல ஆள் கெடையாது. வருஷா வருஷம் அதே சந்தேகங்க தான் வருது, அதான் எல்லாத்தையும் அவங்க கேட்ட மாதிரியே எழுதிப் போட்டுட்டேன். இனிமே கேக்குறவங்களுக்கு இத அனுப்பிரலாம்ல.

அக்கா, சின்ன வயசுல காசில்லாம வளந்தா அது பெரியாளானப்புறமும் விடவே விடாதா?

விடவே விடாதுன்னு சொல்ல மாட்டேன், ஆனா கூடவே வரும். எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி தெரியாது, அதான் கண்டுபுடிக்கக் கஷ்டம். பத்துக்குப் பத்து ரூம்ல ஒன்னா வளந்த அண்ணன் தம்பியப் பாரு, அண்ணன் சம்பளம் வந்த வாரமே ஷூ, வாட்ச், பிரெண்ட்ஸுக்கு பிரியாணின்னு தீத்துருவான், தம்பி ஒரு வடாபாவ் வாங்க ரெண்டு தடவ யோசிப்பான். ஊரு ஒருத்தன ஊதாரிம்பாங்க, இன்னொருத்தன கஞ்சன்ம்பாங்க. ஆனா ரெண்டு பேருக்கும் உள்ளுக்குள்ள ஒரே நெனப்பு தான், இந்தக் காசு நிக்காது. ஒருத்தன் போறதுக்குள்ள அனுபவிச்சுரணும்ங்கறான், இன்னொருத்தன் போகவே விடக்கூடாதுங்கறான்.

அமெரிக்கால மினசோட்டா யுனிவர்சிட்டில விளாடாஸ் கிரிஸ்கெவிசியஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர் இதப் பத்தி நெறைய பாத்திருக்காரு. 2013ல வந்த ஆராய்ச்சில, பொருளாதாரம் மோசமாவுதுங்கற மாதிரி விஷயத்த காட்டிட்டு அப்புறம் காசு சம்பந்தமான முடிவுகள எடுக்கச் சொன்னாங்க. ஏழ்மைல வளந்தவங்க அவசரப்பட்டு இப்பவே வேணும்னாங்க, வசதில வளந்தவங்க பொறுத்து வாங்கிக்கறேன்னாங்க. ஆனா அந்த நெருக்கடி நெனப்பு இல்லாத நேரத்துல ரெண்டு கூட்டத்துக்கும் பெருசா வித்தியாசமே இல்ல. அதனால பழக்கம் எப்பவும் மேல தெரியாது, வேலை போற மாதிரி இருந்தா, வீட்ல யாருக்காவது முடியலன்னா, அப்ப தான் எந்திரிச்சு வரும்.

சம்பளம் வந்து அஞ்சு நாள்ல காலி. எனக்கு மட்டும் ஏன் கன்ட்ரோலே இல்ல?

உங்க வீட்ல மிச்சம் புடிச்ச காசு என்னாச்சுன்னு நெனச்சுப் பாரு. அம்மா அரிசி டப்பால ஒளிச்சு வெச்சது அப்பா கைக்குப் போயிருக்கும், உண்டியல ஒடச்சு சித்தப்பாவுக்கு அவசரம்னு குடுத்திருப்பாங்க, ஸ்கூல் டூருக்குன்னு நீ சேத்தது தம்பி ஆஸ்பத்திரிச் செலவுக்குப் போயிருக்கும். சேத்து வெச்சவனுக்கு ஒன்னும் கெடைக்கல, அன்னிக்கே ஐஸ் வாங்கித் தின்னவனுக்காவது ஐஸ் மிச்சம். அந்த வீட்ல அது சரியான கணக்கு. இப்ப மாசா மாசம் 7ம் தேதி சம்பளம் வருது, ஒன் அக்கவுண்ட்ல யாரும் கை வைக்க மாட்டாங்க, ஆனா கணக்கு மட்டும் அப்படியே இருக்கு.

வால்டர் மிஷெல்னு ஒருத்தர் ஸ்டான்ஃபோர்டுல பண்ண மார்ஷ்மெல்லோ டெஸ்ட் கேள்விப்பட்டிருப்ப, ஒரு மிட்டாய வெச்சுட்டு, திங்காம காத்திருந்தா ரெண்டு தருவேன்னு சொல்றது. காத்திருக்குற புள்ள பின்னாடி நல்லா வரும்னு மோட்டிவேஷன் வீடியோ எல்லாத்துலயும் ஓட்டுவாங்க. ராச்செஸ்டர் யுனிவர்சிட்டில இதையே கொஞ்சம் மாத்திப் பண்ணாங்க, 28 புள்ளைங்க. மொதல்ல பாதிப் புள்ளைங்ககிட்ட "நல்ல கிரேயான் கொண்டாரேன், இரு"ன்னு சொல்லிட்டு வெறுங்கையோட வந்து ஏமாத்துனாங்க, மீதிப் புள்ளைங்களுக்கு சொன்னபடியே கொண்டாந்தாங்க. அப்புறம் மிட்டாய் டெஸ்ட். சொன்னத செஞ்ச ஆளப் பாத்த புள்ளைங்க சராசரியா 12 நிமிஷம் பொறுத்துச்சு, ஏமாந்த புள்ளைங்க 3 நிமிஷம். கன்ட்ரோல் ஒரே நாள்ல மாறிருமா என்ன, மாறுனது நம்பிக்கை.

அதனால மனச அடக்குறேன்னு ஒக்காராத, நம்பிக்கை தானா வர்ற மாதிரி ஏற்பாடு பண்ணு. சம்பளம் வந்த மறுநாள் காலைல ஒரு தொகை, ஆயிரம் ரூபாயா இருந்தாலும் சரி, ஜிபே இல்லாத வேற பேங்க் அக்கவுண்டுக்குத் தானா போற மாதிரி போட்டு வை. ஆறு மாசம் கழிச்சு அது அங்கயே இருக்கறத பாத்தா தான் உள்ள இருக்குற புள்ள நம்பும்.

நான் அப்படியே ஆப்போசிட். அக்கவுண்ட்ல ரெண்டு லட்சம் கெடக்கு, ஆனா பிஞ்ச செருப்ப மாத்தக் கை வரல. இது நல்ல பழக்கம் தான?

செருப்போட நின்னா நல்ல பழக்கம் தான். ஆனா நிக்காது. பல்லு வலிய ஒரு வருஷம் தள்ளிப் போட்டு கடைசில வேர் சிகிச்சைன்னு போயி ஆயிரத்துல முடிய வேண்டியத பல ஆயிரமாக்குன பசங்கள எனக்குத் தெரியும், எல்லாம் காசு வெச்சிருந்தவங்க. கண்ணாடி பவர் மாத்தல, மழைக்கு ஒழுகுற கூரைக்கு நீலத் தார்ப்பாய் கூட மாத்தல, எல்லாம் 'அவசரத்துக்கு' வேணுமாம். இதெல்லாம் தான்டா அவசரம்.

இவங்களுக்கு எவ்வளவு இருந்தா போதும்னு ஒரு நம்பரே கெடையாது, அதான் பிரச்சனை, ரெண்டு லட்சம் அஞ்சானாலும் பயம் அதே அளவு தான் இருக்கும். அதனால ஒக்காந்து எழுது: வாடகை, மளிகை, கரண்ட், ரயில் பாஸ், வீட்டுக்குக் குடுக்கறது, மாசம் எவ்வளவு. அத ஆறால பெருக்கு. அது வரைக்கும் தொடாத. அதுக்கு மேல இருக்கறது பயத்துக்கு வெச்ச காசு இல்ல, அதுல செருப்பு வாங்கலாம், பல்லுக்குப் போலாம். பல்லு கண்டிப்பா.

கஷ்டப்படுறவங்களுக்கு காசு கணக்கு போடுற அறிவு கம்மின்னு ஆபீஸ்ல ஒருத்தன் சொன்னான். அப்படியா?

அவன்கிட்ட நம்ம ஊரு கரும்பு விவசாயிங்க கதையச் சொல்லு. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபிர், ஜியாயிங் ஷாவ்னு நாலு பேரு சேந்து 2013ல சயின்ஸ் பத்திரிகைல ஒரு ஆராய்ச்சி போட்டாங்க. செந்தில் முல்லைநாதன் தமிழ்நாட்டு கிராமத்துல பொறந்தவரு. தமிழ்நாட்டுல கரும்பு போடுறவங்களுக்கு வருஷத்துல ஒரு தடவ தான் பெருசா காசு வரும், வெட்டுக்கு முன்னாடி அடகு, கடன்னு இழுத்துக்கிட்டு இருப்பாங்க, வெட்டுக்கு அப்புறம் கொஞ்சம் மூச்சு விடுவாங்க. அதே ஆளுங்களுக்கு வெட்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் புத்திக்கூர்மை டெஸ்ட் வெச்சாங்க. முன்னாடி கம்மியா எடுத்தாங்க, பின்னாடி நல்லா எடுத்தாங்க. ஆளு ஒன்னு, மூளை ஒன்னு, கையில காசு மட்டும் தான் வேற.

உங்க அம்மாவ எடுத்துக்க. பால்காரருக்கு எவ்வளவு பாக்கி, மளிகைக்கடை கடன் எவ்வளவு, எந்த நகை எந்த அடகுக்கடைல, எப்ப வட்டி கட்டலன்னா மூழ்கும், எல்லாம் நோட்டு இல்லாம மனசுலயே வெச்சிருப்பாங்க. அறிவு கம்மியா இருந்தா இது நடக்குமா? இவ்வளவையும் ஒரே நேரத்துல சுமக்குறப்ப பள்ளிக்கூட ஃபீஸ் தேதி மறந்துருது, அத மட்டும் பாத்துட்டு பேசுறாங்க.

அம்மா சீட்டு போடுறாங்க, நான் எஸ்ஐபி (மாசா மாசம் மியூச்சுவல் ஃபண்ட்ல போடுறது) போடணும்ங்கறேன். தெனம் சண்டை. யாரு சரி?

சீட்ட கேவலமாப் பேசாத மொதல்ல, ஒன் காலேஜ் ஃபீஸ் அதுல தான் வந்திருக்கும். 20 பேரு, மாசம் 5000, மொத்தம் ஒரு லட்சம், ஏலத்துல தள்ளி எடுக்குறது. அவசரத்துக்கு மொத மாசமே எடுக்குறவங்களுக்கு அது கடன், கடைசில எடுக்குறவங்களுக்கு அது சேமிப்பு. பேங்க் மேனேஜர் கண்ணெடுத்துக்கூட பாக்காத காலத்துல தெரு அக்கா தான் நம்பிக் குடுத்தாங்க. அதோட மாசம் கட்டலன்னா வாசல்ல வந்து நிப்பாங்க, அந்த வெக்கத்துக்காகவே கட்டிருவோம், எஸ்ஐபி கட்டலன்னா எவன் வந்து நிக்கறான்?

ஓட்டை எங்கன்னா, நடத்துறவங்க ஓடிட்டா ஒன்னும் பண்ண முடியாது. சீட்டுக்குன்னு 1982ல போட்ட சட்டம் இருக்கு, அதுப்படி பதிவு பண்ணி, செக்யூரிட்டி கட்டி நடத்தணும், நடத்துறவருக்கு கமிஷனுக்கும் உச்சவரம்பு உண்டு, அத 2019ல 5ல இருந்து 7 சதவீதமா ஏத்துனாங்க. தெருச் சீட்டுக்கு இந்தக் காவல் எதுவும் கெடையாது. அதனால மொத்தத்தையும் அதுல போடாதீங்க, போனா மனசு வலிக்கும் ஆனா வீடு நிக்கும்ங்கற அளவுக்கு மட்டும் போடுங்க. "ஆளச் சேத்துவிட்டா காசு"ங்கறது சீட்டே கெடையாது, 1978லயே தடை பண்ண வேலை அது, எவ்வளவு நெருங்குன சொந்தக்காரங்க கூப்புட்டாலும் போகாத.

நீ எஸ்ஐபி போடு, 500 ரூபால ஆரம்பி. ஆனா மார்க்கெட் எறங்குற நாள்ல ஒனக்கு வயித்தக் கலக்கும், வசதில வளந்தவனவிட ஜாஸ்தியா கலக்கும், அத முன்னாடியே தெரிஞ்சுக்க. மொத கேள்வில சொன்ன அதே நெருக்கடி வாசனை தான். அன்னிக்கு ஆப்ப தொறக்காத.

பேங்க்ல போட்டா மினிமம் பேலன்ஸ் இல்லன்னு புடிச்சுருவான், பேங்க் முழுகிட்டா அதுவும் போச்சு. வீட்லயே வெச்சா என்ன?

மினிமம் பேலன்ஸே கேக்காத அக்கவுண்ட் இருக்கு, அடிப்படை சேமிப்புக் கணக்கும்பாங்க, 2014 ஆகஸ்ட்ல வந்த ஜன்தன் கணக்கும் அந்த வகை தான். கேட்டு வாங்கணும், தானா குடுக்க மாட்டாங்க. பேங்க் முழுகுனா ஒரு ஆளுக்கு ஒரு பேங்க்ல வட்டியோட சேத்து 5 லட்சம் வரைக்கும் இன்சூரன்ஸ் இருக்கு, 2020 பிப்ரவரில இருந்து, அதுக்கு முன்னாடி ஒரு லட்சம் தான். வீட்ல வெச்சா எலி, மழைத்தண்ணி, தீ, அப்புறம் ரெண்டாவது கேள்வில சொன்ன சித்தப்பா.

வேலை மாறும்போது பிஎஃப் எடுத்துரலாம்ல? நம்ம காசு தான, கையில இருந்தா நல்லது.

இந்தக் கேள்வி வராத வருஷமே இல்ல. கைக்கு எட்டாத காசு நம்ம காசு இல்லன்னு வளந்த நமக்கு பிஎஃப் எப்பவும் கண்ண உறுத்தும், எவனோ புடுங்கி வெச்சிருக்கான்னு தோணும். ஒன் பக்கம் 12 சதவீதம், கம்பெனி பக்கம் 12, கம்பெனி போடுறதுல ஒரு பங்கு பென்ஷனுக்குப் போவுது. 2023-24லயும் 2024-25லயும் வட்டி 8.25. அதே வட்டி ஓடுச்சுன்னா ஒரு லட்சம் 25 வருஷத்துல 7 லட்சத்த தாண்டிரும்.

அஞ்சு வருஷத் தொடர் சர்வீஸ் ஆவுறதுக்குள்ள மொத்தத்தையும் எடுத்தா வரி வேற வரும். பத்து வருஷம் ஆனா தான் பென்ஷன் தகுதி. யுஏஎன்ங்கற பிஎஃப் நம்பர் எத்தன வேலை மாறுனாலும் ஒன்னு தான், புது கம்பெனில அதக் குடுத்து மாத்திக்க, பழைய சர்வீஸும் சேந்துக்கும். உயிர் போற அவசரம்னா எடு, ஃபோன் வாங்க எடுக்காத.

அக்கா, வீட்டுக்கு எவ்வளவு குடுக்கணும்? சம்பளம் 28 ஆயிரம், 20 போயிருது.

இதுக்கு சதவீதக் கணக்கு சொல்றவங்க எல்லாம் வீட்டுக்கு காசே குடுக்காதவங்கன்னு நெனக்கறேன். நம்ம வீடுகள்ல செலவு மாசச் செலவோட நிக்காது. தங்கச்சி சடங்கு, மாமா வீட்டு மொய், ஊர்ல கோயில் கொடை வந்துச்சுன்னா தலைக்கட்டு வரி, கொடைக்குப் போகணும்னா நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்ல குடும்பத்துக்கே டிக்கெட்டு. அதுவும் பம்பாய்ல வேலை பாக்குற புள்ளன்னா ஊர்ல அம்பானி வீட்டுப் பேரன் மாதிரி பாப்பாங்க, இங்க பொது கக்கூஸுக்கு லைன்ல நிக்கறது அவங்களுக்குத் தெரியாது.

வீட்டுக்குக் குடுக்கறது கடமையா இல்லையாங்கற பேச்சுக்கே நான் போகல. குடுக்கணும்னு ஒனக்கே தோணுது, நிறுத்துன்னு சொன்னாலும் நிறுத்த மாட்ட. நான் சொல்றது ஒன்னே ஒன்னு, குடுக்குற தொகைய நீ முடிவு பண்ணி மாசத்துல ஒரு தேதில குடு. இப்ப என்ன நடக்குதுன்னா அவங்க கேக்கக் கேக்க குடுக்குற, ஆயிரம், ஐநூறு, ரெண்டாயிரம்னு, எவ்வளவு போச்சுன்னு ஒனக்கும் தெரியாது, எவ்வளவு வரும்னு அவங்களுக்கும் தெரியாது. நிச்சயமில்லாத காசுல வளந்த அப்பா அம்மாவுக்கு நிச்சயமா வர்ற 14 ஆயிரம், எப்பவோ வர்ற 20 ஆயிரத்தவிட நிம்மதியா இருக்கும், சொல்லிப் பாரு. மொய், கொடை, சடங்குக்கு தனியா மாசம் ஆயிரம் ஒதுக்கி வை, அது தீந்துபோச்சுன்னா "இந்த வருஷம் இவ்வளவு தான் சித்தி"ன்னு சொல்ல ஒரு பதில் இருக்கும்.

அவங்க பேர்ல ரெண்டு இன்சூரன்ஸ் போட்டுரு. பேங்க்லயே போடலாம், வருஷத்துக்கு 20 ரூபா கட்டுனா விபத்துல உயிர் போனா 2 லட்சம், 70 வயசு வரைக்கும். இன்னொன்னு 436 ரூபா, எப்படி இறந்தாலும் 2 லட்சம், அதுல 50 வயசுக்குள்ள சேரணும். அப்பா கட்டட வேலை, பெயின்டிங் வேலைன்னா யோசிக்கவே யோசிக்காத.

சம்பளம் எவ்வளவுன்னு வீட்ல கம்மியா சொல்லி வெச்சிருக்கேன். பாவமா இருக்கு. தப்பா?

நெறைய பேரு இததான் செய்றாங்க, யாரும் வெளிய சொல்றதில்ல. முழுசா சொன்னா அந்தத் தொகைக்கு ஏத்த மாதிரி தெருவே பிளான் போடும், அத நீ சின்ன வயசுலயே பாத்திருக்க. நான் இத தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒரு ஆளுக்காவது உண்மை தெரிஞ்சிருக்கணும், அம்மாவோ அக்காவோ. அக்கவுண்ட் எங்க இருக்கு, நாமினி யாரு, இன்சூரன்ஸ் எதுன்னு யாருக்குமே தெரியாம ஒனக்கு ஒன்னு ஆச்சுன்னா அந்தக் காச எடுக்க அவங்க அலையற அலைச்சல் இருக்கே, எங்க ஆபீஸ்ல வந்து அழுவுறவங்கள பாத்திருக்கேன்.

டீம் லஞ்சுக்குப் போனா ஒரு ஆளுக்கு 600 ஆவுது. போகலன்னா ஒதுக்கிருவாங்க, போனா சாப்பாடு எறங்கல. சில நேரம் வீம்புக்கு நானே எல்லாருக்கும் பில் குடுத்துட்டேன்.

மித்தி ஆறுக்கு இந்தப் பக்கம் தாராவி, அந்தப் பக்கம் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ். நடந்தே போயிரலாம், ஆனா அங்க ஒரு காபி காசுல இங்க ரெண்டு பேரு வயிறார சாப்புடலாம். தெனம் அந்தப் பாலத்த தாண்டி வேலைக்குப் போறவனுக்கு மண்டைக்குள்ள ரெண்டு விலைப் பட்டியல் ஓடும், அது நிக்காது, நிக்கணும்னு அவசியமும் இல்ல.

வீம்புக்கு பில் குடுக்கறது தான் ரொம்ப காஸ்ட்லி. நம்மள ஓசின்னு எவனும் சொல்லிரக் கூடாதுங்கற பயம், ஸ்கூல்ல யூனிஃபார்ம் தானமா வாங்குனப்ப வந்தது, இன்னிக்கு 4000 ரூபா பில்லுல வந்து நிக்குது. மெனு வர்றதுக்கு முன்னாடியே "ஸ்ப்ளிட் பண்ணிக்கலாம்ல"ன்னு சாதாரணமா சொல்லிரு. மாசத்துக்கு ஒரு லஞ்ச் மட்டும் போ, மீதி நாள் டப்பா. எலுமிச்ச சோறு கொண்டுபோனா பாதி டீம் ஒன் டப்பாவ தான் சுத்தும், நம்பு.

ஐபோன் இஎம்ஐல வாங்குனா தப்பா? சின்ன வயசுல ஒரு வீடியோகேம் கூட இல்ல எனக்கு.

ஆசைப்பட்டது தப்பில்ல. அந்தப் புள்ளைக்கு ஏதாவது வாங்கிக் குடுக்கணும்னு தோணும், குடு. ஆனா சைஸப் பாரு. இஎம்ஐ முடியுற வரைக்கும் வேலை போகாதுன்னு தெரியுமா, ஃபோன் லோக்கல் ட்ரெயின் கூட்டத்துல போச்சுன்னாலும் இஎம்ஐ போகாது. வட்டியில்லா இஎம்ஐன்னு போட்டிருந்தா முழுக் காசு குடுத்தா எவ்வளவு டிஸ்கவுண்டுன்னு கேளு, அந்த டிஸ்கவுண்ட் போச்சுன்னா அது தான் வட்டி.

கிரெடிட் கார்டுல போட்டுட்டு குறைஞ்சபட்சத் தொகை மட்டும் கட்டுறவங்கள நெனச்சா தான் பதறுது. 40 ஆயிரம் பாக்கி, மாசம் 3.5 வட்டின்னு வெச்சுப்போம். வட்டி 1400, அதுக்கு ஜிஎஸ்டி 252. நீ 2000 கட்டுன, அசல்ல கொறஞ்சது 348 ரூபா. வருஷத்துக்கு 42 சதவீதம். நம்ம அப்பாக்கள் கந்து வட்டிக்காரன்கிட்ட நின்னாங்க, நாம குளுகுளு ஆபீஸ்ல நிக்கறோம், அவ்வளவு தான் வித்தியாசம்.

லோன் ஆப்ல 5000 எடுத்தேன், இப்ப அம்மா நம்பருக்கு எல்லாம் ஃபோன் பண்ணி அசிங்கமா பேசுறாங்க. என்ன பண்றது?

மொதல்ல மூச்சு விடு, நீ குத்தவாளி இல்ல. ரிசர்வ் பேங்க் விதிப்படி, கடன் காசு பதிவு பண்ண பேங்க் இல்லன்னா ஃபைனான்ஸ் கம்பெனிகிட்ட இருந்து நேரா ஒன் அக்கவுண்டுக்குத் தான் வரணும், வட்டி, கட்டணம் எல்லாம் சேத்து ஒரு தாள்ல முன்னாடியே காட்டணும், ஃபோன்ல இருக்குற கான்டாக்ட், போட்டோவ ஆப் தொடக்கூடாது. வசூல் பண்றவங்க காலைல 8 மணிக்கு முன்னாடியும் ராத்திரி 7 மணிக்கு அப்புறமும் கூப்புடக்கூடாது. எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை, 1930க்கு ஃபோன் போடு, சைபர் கிரைம்ல புகார் குடு. ஒரு ஆப் கடன கட்ட இன்னொரு ஆப்ல எடுக்காத. அம்மாகிட்ட அவங்க ஃபோன் வர்றதுக்கு முன்னாடி நீயே சொல்லிரு. அவங்க பயமுறுத்துறதே அந்த வெக்கத்த வெச்சு தான், அது போச்சுன்னா அவங்க கையில வேற ஒன்னுமில்ல.

அப்பா வட்டிக்கு வாங்குனத நான் கட்டணுமா? வாசல்ல வந்து "புள்ள சம்பாதிக்குதுல்ல"ங்கறாங்க.

நீ கையெழுத்துப் போடல, ஜாமீன் நிக்கலன்னா அப்பா உயிரோட இருக்கும்போது சட்டப்படி அது ஒன் கடன் இல்ல. அவரு போனப்புறமும், அவருகிட்ட இருந்து ஒனக்கு வந்த சொத்து மதிப்பு எவ்வளவோ அது வரைக்கும் தான் கேக்க முடியும், ஒன் சம்பளத்துல இருந்து கேக்க முடியாது. புள்ளையா பொறந்ததாலயே அப்பன் கடன அடைக்கணும்ங்கற பழைய இந்து சட்ட விதிய 2005 செப்டம்பர் 9க்கு அப்புறம் வாங்குன கடனுக்கு எடுத்துட்டாங்க. மகாராஷ்டிரால 2014 சட்டப்படி லைசென்ஸ் இல்லாம வட்டிக்கு விடறதே குத்தம்.

சட்டம் இது. ஆனா அதே சந்துல தான் நாளைக்கும் நடக்கணும், அப்பா முகத்தப் பாக்கணும், தெரியும். கட்றதுன்னு முடிவு பண்ணா, வட்டி மட்டும் கட்டிக்கிட்டே இருக்காத. 50 ஆயிரத்துக்கு பத்து வட்டின்னா மாசம் 5000 வட்டிக்கே போயிரும், அசல் அசையாது. வேற எங்கயாவது கொறஞ்ச வட்டிக்கு, நகைக்கடன் பேங்க்ல, எடுத்து மொத்தமா முடிச்சு, பாண்டு, வெத்துச் செக், ஏதாவது குடுத்திருந்தா திருப்பி வாங்கி, பெரியவங்க ரெண்டு பேர சாட்சிக்கு வெச்சு எழுதி வாங்கு. அது ஒரே தடவ தான்னு அப்பாகிட்ட அன்னிக்கே சொல்லிரு.

வீட்டு டெபாசிட்டுக்கு அஞ்சு லட்சம் ஹெவியா குடுத்தா வாடகையே இல்லங்கறாங்க. குடுக்கலாமா?

வாடகை இல்லன்னு கேட்டதும் நம்மாளுக்கு மனசு குளுந்துரும், மாசா மாசம் வாடகைக்கு ஓடுன வீட்ல இருந்து வந்தவங்கல்ல. ஆனா அந்த அஞ்சு லட்சத்த ஓனர் செலவு பண்ணிருப்பாரு, காலி பண்றப்ப அடுத்த ஆள் வந்தா தான் ஒனக்குத் திரும்பும். அக்ரிமென்ட் எழுத்துல, பதிவு பண்ணி இருக்கணும், இங்க 1999 வாடகைச் சட்டமே அப்படித்தான் சொல்லுது. ரீடெவலப்மென்ட், அதாவது இடிச்சுட்டு புதுசா கட்டுற பேச்சு ஓடுற எடத்துல, ஓனர் பேப்பர் சரியில்லாத எடத்துல ஒரு ரூபா குடுக்காத.

இப்ப நல்லாத் தான் இருக்கேன். ஆனா தட்டுல ஒரு பருக்க விட முடியல, பசிக்கலன்னாலும் சாப்புடுறேன், ஏசி போட்டா தூக்கம் வரல. இது என்ன வியாதி?

வியாதி இல்ல. சாரா ஹில்னு ஒரு ஆராய்ச்சியாளர் 2016ல காட்டுனது இது: வசதில வளந்தவங்க பசிச்சா ஜாஸ்தி, பசிக்கலன்னா கம்மியா சாப்புட்டாங்க, ஏழ்மைல வளந்தவங்க பசிச்சாலும் பசிக்கலன்னாலும் ஏறக்குறைய ஒரே அளவு சாப்புட்டாங்க, இப்ப அவங்க எவ்வளவு சம்பாதிக்கறாங்கங்கறது அத மாத்தல. கெடைக்கிறப்ப சாப்புட்டுக்கணும்னு ஒடம்பு படிச்சு வெச்சிருக்கு. கொஞ்சமா போட்டுக்க, வேணும்னா மறுபடி போட்டுக்க.

ஏசில தூக்கம் வராததுக்கு காரணம் கரண்ட் பில் மட்டும் இல்ல, தங்கச்சி அங்க தகரக் கூரைக்குக் கீழ படுத்திருக்காளேங்கறது தான், இல்லையா? அந்த வருத்தத்த போக்க எனக்கு வழி தெரியாது. அது இருக்கறதால நீ கெட்டுப்போகல. ஆனா ஏசிய அணைச்சுட்டு நீ வேத்துக்கிட்டு படுத்தா அவளுக்கு ஒரு காத்தும் வரப்போறதில்ல, அந்தப் பில்லு காசுல அவளுக்கு ஒரு கூலர் வாங்கிக் குடுத்தா வரும்.

கட்டிக்கப் போற பொண்ணு செம்பூர்ல வசதியான வீடு. நான் காசு எண்ணுறத பாத்து "ஏன் இப்படி டென்ஷன் ஆவுற"ங்கறா. எப்படிப் புரிய வெக்கறது?

புரிய வெக்கறது ரெண்டாவது, மொதல்ல கதையச் சொல்லு. நெறைய பசங்க கல்யாணம் ஆகி வருஷக்கணக்காகியும் அப்பா குடிச்ச கதை, ரேஷன் கடைல நின்ன கதை எதையும் வாயத் தொறந்து சொல்றதில்ல, ஆனா டாக்ஸிக்கு 300 ரூபா ஆனதுக்கு மூணு நாள் பேசாம இருப்பாங்க. அந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரியும்? அவ வீட்ல காசு குறைஞ்சா அப்பா சரி பண்ணிருவாரு, அது தான் அவ பாத்தது, அவ கணக்கும் அவ வீட்டுக்கு சரி தான்.

அப்புறம் ஒரு தொகை பேசி வெச்சுக்கங்க, இவ்வளவுக்குள்ள யாரு என்ன வாங்குனாலும் கேள்வி இல்ல, மேல போனா ரெண்டு பேரும் பேசணும். நீ வீட்டுக்கு அனுப்புறது எவ்வளவுங்கறத கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிரு, இது ரொம்ப முக்கியம், பின்னாடி தெரிஞ்சா காசு பிரச்சனையா இருக்காது, மறைச்சது தான் பிரச்சனையாகும். சம்பளத்த வீட்ல மறைக்கறது பத்தி மேல சொன்னது இங்க செல்லாது.

என் பையனுக்கு எட்டு வயசு, கேட்டதெல்லாம் கெடைக்குது. கஷ்டம்னா என்னன்னு அவனுக்கும் தெரியணும்ல? வேணும்னே சிலத வாங்கித் தராம இருக்கலாமா?

இது ஒரு அண்ணன் கேட்டது, கூட வந்த பசங்க எல்லாம் ஆமா ஆமான்னாங்க. காசு இருக்கும்போது இல்லன்னு சொன்னா புள்ளைங்க கண்டுபுடிச்சுரும்ண்ணே, ஃப்ரிட்ஜ், கார் எல்லாம் அதுங்க கண்ணு முன்னாடி தான இருக்கு. அப்புறம் நீங்க எதச் சொன்னாலும் அதுவும் இப்படித்தான்னு நெனச்சுரும், அந்த கிரேயான் கொண்டு வராத ஆள் மாதிரி. கஷ்டத்த நடிச்சுக் காட்ட முடியாது, நம்ம கஷ்டத்துல இருந்த பயம் அவனுக்கு வராது, வரவும் வேண்டாம்.

அதுக்குப் பதிலா கணக்க காட்டுங்க. கரண்ட் பில் வந்தா அவன் கையில குடுத்து படிக்கச் சொல்லுங்க, மளிகைக்கு கூட்டிட்டுப் போயி 500 ரூபா குடுத்து லிஸ்ட்ல பாதிய அவனே வாங்கட்டும். ஆச்சிக்கு மாசம் எவ்வளவு அனுப்புறோம், ஏன்னு சொல்லுங்க. அவன் ஏதாவது கேட்டு இப்ப வேண்டாம்னு நீங்க நெனச்சா, "காசில்ல"ன்னு சொல்லாதீங்க, "இந்த மாசம் வேண்டாம், அடுத்த மாசம் 10ம் தேதி பேசலாம்"னு தேதியோட சொல்லுங்க. 10ம் தேதி அவன் மறந்திருந்தாலும் நீங்களே அந்தப் பேச்ச எடுங்க.